மஞ்சள் கோட்டுக்காரனைத் தேடியவர்கள்

அந்தத் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைப் பற்றி எங்கள் பைக் கிளப்பின் பக்கத்தில் நான் ஏற்கெனவே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். குளிர், வெயில், குற்றாலத்துக் குளியல், மலைக்கு அந்தப்பக்கத்துச் சாயா எல்லாம் அதில் உண்டு. படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதில் ஒரு வரியும் பொய்யில்லை. ஆனால் நடந்ததில் பாதி அதில் இல்லை. விட்டுப்போன பாதியை இப்போது எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது நாற்பத்தொன்று. கிளப்பில் நாங்கள் பதினான்கு பேர். தென்காசியில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் முத்தையா அண்ணாச்சிதான் தலைவர். முதல் வண்டி அவருடையது, கடைசி வண்டி என்னுடையது. கடைசியில் வருகிறவனுக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. முன்னால் போகிற யாரையும் தாண்டக் கூடாது, யார் நின்றாலும் அவனும் நிற்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடியில் பளிச்சென்று தெரியட்டும் என்று கிளப்பில் ஒரு மஞ்சள் கோட்டு வாங்கி வைத்திருந்தார்கள். நாலு வருஷமாக அதை நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

விடிவதற்கு முன்பே கிளம்பியதால் ஆலங்குளம் தாண்டும்போது விரல்கள் மரத்துவிட்டன. சட்டைக்கும் கோட்டுக்கும் நடுவில் பழைய செய்தித்தாளை மடித்து வைத்திருந்தும் குளிர் நெஞ்சுக்குள் இறங்கியது. தென்காசியில் கோயில் முன்னால் வண்டியை நிறுத்தியபோது கோபுரத்தின் உச்சியில் மட்டும் வெயில் விழுந்திருந்தது. வாசல் காற்று ஆளைத் தள்ளியது. டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, குடிக்க மனமில்லாமல் நின்றோம்.

அன்றைக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். மங்கை அக்கா, ஆய்க்குடிக்காரர். கால்நடை ஆஸ்பத்திரியில் ஆய்வாளர் வேலை. ஐம்பதை நெருங்குகிற வயது. இருபது வருஷம் ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய் மாடுகளுக்கு ஊசி போட்டவர், போன வருஷம்தான் கியர் வண்டி வாங்கிப் பழகியிருந்தார். சுடிதாருக்கு மேல் தடித்த ஸ்வெட்டர், கையில் தோட்ட வேலைக்குப் போடுகிற கனத்த கையுறை. மலை ஏறுவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

"பயப்படாதீய. நம்ம சங்கர் உங்களுக்குப் பின்னாலதான் வருவான். கண்ணாடியில மஞ்சள் தெரியுதான்னு அப்பப்பப் பாத்துக்கிடுங்க. தெரிஞ்சா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்," என்றார் அண்ணாச்சி.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, நான் மெதுவாத்தான் போவேன். கோவிச்சுக்கிடக் கூடாது."

"நீங்க போங்கக்கா," என்றேன்.

குற்றாலத்தில் சீசன் முடிந்து பேரருவி மெலிந்திருந்தது. கூட்டம் இல்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வேலையில்லாமல் வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் அலறிக்கொண்டே தண்ணீருக்குள் ஓடி, அதைவிடப் பெரிதாக அலறிக்கொண்டு வெளியே வந்தார்கள். நான் குளித்து முடித்தபோது பல் தந்தியடித்தது. பெண்கள் பக்கம் போயிருந்த அக்கா, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சுக்குக் காப்பியோடு வெயிலில் நின்றார். முகம் பத்து வயது குறைந்திருந்தது. அந்தக் குளிருக்கு இட்லியும் உளுந்த வடையும் எத்தனை தின்றோம் என்பதை யாரும் கணக்கு வைக்கவில்லை.

கை கழுவப் போன இடத்தில் எங்கள் கிளப் இளவட்டம் ஒருவன் என் தோளைத் தட்டினான். "என்ன அண்ணே, மாட்டு டாக்டர் பின்னாலயே போறீய? ஊசி போட்டிரப் போறாவ."

நான் சிரித்தேன். பக்கத்துக் குழாயில் அக்கா கை கழுவிக்கொண்டிருந்தது சிரித்த பிறகுதான் தெரிந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு செங்கோட்டை வழியாகப் புளியறை. வலப்பக்கம் தூரத்தில் பண்பொழி மலைக்கோயில் வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. வயலெல்லாம் பிசான நெற்பயிரின் பச்சை, அதற்கு மேல் நீல மலை, அதற்கும் மேல் ஒரு துண்டு மேகம்கூட இல்லாத வானம். இப்படி ஒரு காலையில் பைக் ஓட்டுகிறவன் பறக்கத்தான் ஆசைப்படுவான். நான் முப்பதில் போய்க்கொண்டிருந்தேன். அக்கா ஒவ்வொரு வேகத்தடைக்கும் நின்று, இரண்டு காலையும் ஊன்றி, பிறகு கிளம்பினார். முன்னால் போனவர்கள் கண்ணிலிருந்து மறைந்தே போனார்கள். சோதனைச்சாவடி தாண்டி மலை தொடங்கியதும் வேகம் இருபதுக்கு இறங்கியது. வைக்கோல் லாரி ஒன்று முன்னால் முக்கிக்கொண்டு போக, அதன் பின்னால் அக்கா, அவர் பின்னால் நான். பக்கத்தில் தாண்டிப்போன கார்க்காரர்கள் என் மஞ்சள் கோட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் வண்டி முந்நூற்றைம்பது சிசி. கோபம் ஏறிக்கொண்டே இருந்தது.

எஸ் வளைவு தாண்டி மேலே ஒரு திருப்பத்தில் எதிரே கேரளா பஸ் வந்தது. அக்கா பதறி இடது ஓரத்துக்கு ஒதுங்கினார். சரளையில் டயர் வழுக்கவும் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றி, குனிந்து தரையைப் பார்த்தார். பஸ் போனதும் எதிரே சாலை காலியாக இருந்தது. நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கி, அவரையும் வைக்கோல் லாரியையும் ஒரே மூச்சில் தாண்டினேன். பஸ்ஸும் லாரியும் போட்ட சத்தத்தில் நான் போனது அவருக்குக் கேட்டிருக்காது. அடுத்த வளைவில் முகத்தில் அடித்த குளிர்காற்று எவ்வளவு சுகமாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கண்ணாடியை நான் பார்க்கவே இல்லை.

ஆரியங்காவில் எல்லாரும் ஒரு சாயாக் கடை முன்னால் நின்றிருந்தார்கள். எல்லையைத் தாண்டி ஐந்து நிமிஷம்தான், ஆனால் வீட்டுக் கூரை, வேட்டி கட்டு, சாயாவின் நிறம் எல்லாமே மாறிவிடுகிறது. புட்டும் கடலையும் ஆவி பறக்க வந்தன. பழம்பொரி எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்தது. கடைக்காரர் மலையாளத்தில் தன் மனைவியிடம், "இவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை யாரும் சமைப்பதில்லை போலிருக்கிறது," என்று சொன்னதைக் கேட்டுச் சிரித்தோம். வெயில் ஏறிவிட்டது. மஞ்சள் கோட்டைக் கழற்றிச் சுருட்டிப் பின் சீட்டில் கட்டினேன்.

"மங்கை அக்காவை எங்கல?" என்றார் அண்ணாச்சி.

"பின்னால வந்துக்கிட்டிருக்காவ. ஓரமா கொஞ்சம் நின்னாவ. வந்திருவாவ."

இரண்டாவது பழம்பொரியைத் தின்றேன். இருபது நிமிஷம் போனது. நாற்பது நிமிஷம் போனது. போனில் சிக்னல் இல்லை. தட்டில் இருந்தது ஆறிப்போன பிறகுதான், "நான் போய்ப் பாத்துட்டு வாரேன்," என்று எழுந்தேன். அண்ணாச்சியும் தன் வண்டியை எடுத்தார்.

இறக்கத்தில் பாதி தூரம் வந்ததும் சட்டைப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. நிற்காமல் அதிர்ந்தது. எல்லாம் தவறிய அழைப்புகள், எல்லாம் அக்காவின் எண்ணிலிருந்து. எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி பிரேக் அடித்தார்.

வளைவில் பதினைந்து இருபது பேர் நின்றிருந்தார்கள். காலி லாரி ஒன்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. வைக்கோல் கட்டுகிற வடத்தை அதன் பின்பக்கம் கட்டி, சரிவுக்குள் விட்டிருந்தார்கள். ஓரத்துக் கல் ஒன்று உடைந்து கிடந்தது. பக்கத்தில் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு. அக்கா விழுந்துவிட்டார் என்று நினைத்தேன். வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினேன்.

"என்னாச்சி? யாரு?" என்று முதலில் நின்றவரின் கையைப் பிடித்தேன்.

"ஒரு பைக்காரன் உள்ள விழுந்துட்டானாம். கூட வந்த பொம்பள நிறுத்திச் சொன்னா. மஞ்சள் கோட்டு போட்ட ஆளாம். தேடுதோம்," என்றார் அவர்.

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். அக்கா வண்டியை நிலைப்படுத்திக் கண்ணாடியைப் பார்த்தபோது மஞ்சள் இல்லை. காத்திருந்தார். வரவில்லை. நான் அவரைத் தாண்டிப் போயிருக்கக் கூடும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை, ஏனென்றால் நான் தாண்ட மாட்டேன் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். முதல் தடவை மலை ஏறிய அவர், அந்தக் குறுகிய சாலையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு, சோதனைச்சாவடி வரை கீழே இறங்கிப்போய் விசாரித்திருக்கிறார். திரும்பி ஏறும்போது, என்றைக்கோ உடைந்த கல்லையும் யாரோ விட்டுப்போன டயர் கோட்டையும் பார்த்து, விழுந்தது நான்தான் என்று நினைத்திருக்கிறார். கேரளாவில் வைக்கோல் இறக்கிவிட்டுக் காலியாக வந்த வேறொரு லாரியைக் குறுக்கே நின்று மறித்திருக்கிறார்.

சரிவின் விளிம்பில், மற்ற ஆட்களோடு சேர்ந்து வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார் அக்கா. கையுறையைக் காணோம். என்னைப் பார்த்ததும் வடத்தை விட்டுவிட்டு வந்தார். என் இரண்டு தோளையும் பிடித்து, அங்கிருந்து மணிக்கட்டு வரை அழுத்தி அழுத்திப் பார்த்தார். கீழே விழுந்த கன்றுக்கு எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்கிற கை அது.

"அடி ஒண்ணும் இல்லியே தம்பி?"

அப்போது சரிவுக்குள்ளிருந்து லாரிக்காரர் ஏறி வந்தார். மடித்துக்கட்டிய கைலி, முள் கிழித்த பனியன். முழங்காலுக்குக் கீழே பாட்டில் கண்ணாடி கிழித்து ரத்தம் வழிந்தது. மூச்சு வாங்க என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே, நீதானா அது?"

சுற்றி நின்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்கனல போன?"

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். அண்ணாச்சி பக்கத்தில் நின்றார். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவைப் பார்த்துச் சொன்னேன்: "நீங்கதானக்கா ஓரமா நின்னு, போ போன்னு கை காட்டுனீய? அதான் நான் போயிட்டேன்."

"நானா?"

"ஆமாக்கா. இப்படி." கையை அசைத்தும் காட்டினேன்.

அக்கா தன் கையைப் பார்த்தார். உள்ளங்கை வடம் உரசிச் சிவந்திருந்தது. "காட்டியிருப்பேன் போல," என்றார் மெதுவாக. "அந்த பஸ்ஸைப் பாத்த பயத்துல என்ன செஞ்சேன்னே தெரியல." பிறகு லாரிக்காரரிடம் திரும்பினார். "அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. என்னாலதான் உங்களுக்கு இவ்வளவும்."

லாரிக்காரர் கல்லில் உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டார். அக்கா தன் பையிலிருந்து பஞ்சையும் மருந்தையும் எடுத்துக் கட்டுப் போட்டார். மாட்டுக்குப் போடுகிற மருந்துதான், மனுஷனுக்கும் ஆகும் என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் வடத்தைச் சுருட்டிக் கொடுத்தேன்.

திரும்பும் வழியில் குற்றாலத்தில் மதியச் சாப்பாடு. எல்லாரும் இலையில் உட்கார்ந்த பிறகு அண்ணாச்சி பேசினார். அவருக்குக் கத்தத் தெரியாது, அதனால் இன்னும் மோசமாக இருந்தது. "மலையில யாரும் கை காட்டக் கூடாது. தனியா வண்டியைத் திருப்பவும் கூடாது. இன்னைக்கு என்னமும் ஆயிருந்தா நான் அவங்க வீட்டுல என்ன சொல்லுவேன்?"

அக்கா எழுந்து நின்றார். "தப்பு எம்மேலதான். எல்லாரும் மன்னிச்சுக்கிடுங்க. மலைக்கு இனி நான் வரல. சமதரையில போற அன்னைக்குச் சொல்லுங்க, வாரேன்."

காலையில் என் தோளைத் தட்டியவன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்துச் சிரித்தான். சாம்பார் வந்தது, ரசம் வந்தது. நான் சாப்பிட்டேன். பாயசத்துக்கு இரண்டாவது தடவை கையையும் நீட்டினேன், ஏனென்றால் சாப்பிடாமல் இருந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்களே.

தென்காசியில் எல்லாரும் பிரிந்தார்கள். நான் கிழக்கே பாளையங்கோட்டைக்குப் போக வேண்டியவன். அக்காவின் வண்டி ஆய்க்குடிப் பக்கம் திரும்பியதும் நானும் திரும்பினேன். வெயில் சாய்ந்து, வயல் மேல் மறுபடி குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. முப்பதில்தான் போனார். நான் பின்னாலேயே போனேன். ஊருக்குள் நுழையும் முன்னால் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"என்ன தம்பி, வழி தப்பிட்டீயளா?"

"நீங்க கை காட்டலக்கா," என்றேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண் மட்டும் தெரிந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடியில் சிரித்தது, பொறுமை போனது, தாண்டியது, கண்ணாடி பார்க்காதது, கடைசியில் சொன்ன பொய்.

"வழியெல்லாம் இதையே நினைச்சுக்கிட்டு வந்தேன்," என்றார் பிறகு. "கை காட்டுனேனா இல்லியான்னு. எங்கம்மாவுக்கு மறதி ஆரம்பிச்சது இப்படித்தான். செஞ்சதைச் செய்யலன்னு சொல்லுவா, செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லுவா. எனக்கும் வந்துட்டுன்னு நினைச்சேன். ரெண்டு எடத்துல வண்டியை நிறுத்தி, இன்னைக்கு என்ன கிழமை, காலையில என்ன தின்னேன்னு எனக்கு நானே கேட்டுக்கிட்டேன்."

நான் தரையைப் பார்த்தேன்.

"என்கிட்ட சொல்லிட்டீய. சரி. அங்கன அத்தன பேருகிட்டயும் எந்திரிச்சு நின்னு மன்னிப்புக் கேட்டேனே, அவங்ககிட்ட யாரு சொல்லுவா?"

அந்த இடத்திலேயே போனை எடுத்தேன். எங்கள் கிளப்பின் வாட்ஸப் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். முதல் தடவை பேசியதை அழித்துவிட்டு மறுபடி பேசினேன். "மங்கை அக்கா கை காட்டல. அவங்களை விட்டுட்டு நான்தான் தாண்டிப் போனேன். பொறவு பொய் சொன்னேன்." அது போய்ச் சேரும்வரை அக்கா நின்றார். பிறகு தலையை ஒரு தடவை அசைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. அண்ணாச்சி மட்டும் போன் செய்தார். "மஞ்சள் கோட்டை நாளைக்குக் கடையில கொண்டாந்து குடுத்துரு," என்றார். அக்காவுக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்டார் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் புளியறைக்குப் போனேன். லாரிக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்றைக்கு அதைக் கேட்கவும் தோன்றவில்லை. சாவடிக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் ஒவ்வொன்றாக, காலில் கட்டுப் போட்ட வைக்கோல் லாரிக்காரரைத் தெரியுமா என்று கேட்டேன். மூன்றாவது கடையில், "இசக்கி அண்ணாச்சியா? மத்தியானம் வருவாரு," என்றார்கள். உட்கார்ந்திருந்தேன். வந்தார். லேசாகக் காலைச் சாய்த்துத்தான் நடந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

அவரிடமும் சொன்னேன். மீன்குழம்பைப் பிசைந்தபடியே கேட்டார்.

"அந்தம்மா பொய் சொல்லுத ஆளு இல்லன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். உன் மூஞ்சியும் சரியில்ல. சரி, உசிரோட இருந்தியே, போ," என்றார்.

கை கழுவிவிட்டு வந்தவர், கிளம்பாமல் கொஞ்சம் நின்றார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு உள்ள இறங்கும்போது செடிக்குள்ள ஒரு ஹெல்மெட் கிடந்துச்சி. எனக்கு ஈரக்கொலையே அத்துப்போச்சி. நீதான்னு நினைச்சேன். கிட்டப் போய் எடுத்துப் பாத்தா உள்ள எல்லாம் மண்ணு, செடி முளைச்சிருக்கு. எத்தன நாளா கிடக்கோ. மேல ஏறி வந்து அந்தம்மாகிட்ட இதைச் சொல்லல, பாவம், பயந்திருப்பா. நீங்கள்லாம் போன பொறவுதான் மறுபடி இறங்கி எடுத்தாந்தேன்."

"யாருது அண்ணாச்சி?"

"யாருக்குத் தெரியும்? சாவடியில கேட்டேன். இந்தக் கடையில கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. தூக்கிப் போடவும் மனசு வரல." லாரிக்குப் போய், சீட்டுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து வந்தார். நீல நிறம், வெளுத்திருந்தது. வார் அறுந்திருந்தது. "உங்க பைக் ஆளுகள்ல யாருக்காவது தெரியும்லா? கேட்டுப் பாரு."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கடை வாசல் வெயிலில் வைத்துப் படம் எடுத்து, எங்கே கிடந்தது என்று எழுதி, குழுவில் போட்டேன். என் குரல் பதிவுக்குப் பிறகு ஒரு வாரமாக அந்தக் குழுவில் யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை. யாரும் சொல்ல மாட்டார்கள் என்று போனைப் பையில் வைக்கப் போனேன். அப்போதுதான் அது அதிர்ந்தது.

மங்கை அக்கா எழுதியிருந்தார்: "அன்னைக்கு நாங்க தேடுன அதே வளைவுலதான? செவ்வாய்க்கிழமை எனக்குப் புளியறையில மாடு பாக்குற வேலை இருக்கு. நான் விசாரிக்கேன்."